உறுதியும் பதிவும்: காணிச் சட்டத்தின் ஓர் இடைவெளி

காணியொன்றை விலைக்கு வாங்கி, உறுதி முடித்து, அதனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவர் தமது உரிமை நிலைபெற்றுவிட்டதாகவே கருதுகிறார். இலங்கைச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. உறுதி எழுதுதல் வேறு, அதனைப் பதிதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் ஏழை எளியோர் காணியை இழக்க நேர்வது எவ்வாறு என்பதையே ஈண்டு நோக்குகிறோம்.

காணி விற்பனையும் ஈடும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாக ஒப்பமிடப்பட வேண்டும் என 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் மூலம் வாங்கியவரிடம் சேரும். ஒரு படி நொத்தாரிசிடம் தங்கும். இன்னொரு படி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். ‘ஒரு பிரதி கந்தோருக்குப் போய்விட்டதே’ என்று மக்கள் மனம் ஆறுவது இவ்விடத்திலேதான். அப்படி கோவையிற் கிடப்பது, அது பதிவன்று. மூலவுறுதி பதிவகத்திற் சமர்ப்பிக்கப்பட்டு, அக்காணிக்குரிய ஏட்டுப் பக்கத்தில் அதன் விவரம் ஏறும்போதே பதிவு நிகழ்கிறது.

ஏறாதுவிடின் நேர்வது யாது? ஒரே காணியை ஒருவர் முதலில் ஒருவருக்கும், பின்னர் மற்றொருவருக்கும் விற்கிறார் எனக் கொள்வோம். முந்தியவர் பதியவில்லை, பிந்தியவர் பெறுமதி கொடுத்து வாங்கிப் பதிந்துகொண்டார். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி பிந்தியவரே வெல்வார். முந்திய விற்பனையை அவர் அறிந்திருந்தார் என்பது மட்டும் அவரைத் தோற்கடிக்கப் போதாது. மோசடியோ கூட்டுச்சதியோ நிரூபிக்கப்படல் வேண்டும். வழக்காடப் பணமும் காலமும் உள்ளவனுக்கே அந்நிரூபணம் கைகூடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும் பதிவு தருவது முந்துரிமை ஒன்றையே. உரித்தில்லாதவன் எழுதிக்கொடுத்த உறுதி ஏட்டில் ஏறியதனால் உரித்தைப் பெறாது. கள்ள உறுதி பதிவினால் நல்லுறுதி ஆகாது. இக்குறையை நீக்கவே ஆவணத்தையன்றி உரித்தையே பதியும் முறையை 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கொணர்ந்தது. ‘பிம்சவிய’ என்னும் திட்டம் அதன்வழி வந்ததே.

வடக்கிலும் கிழக்கிலும் இவ்விடயம் வெறும் சட்ட நுணுக்கமன்று. இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். அவர்தம் காணிகளிற் பிறர் குடியேறினர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரித்தாளருக்கு எதிராகப் பத்தாண்டு இடையறாது ஆண்டவன் தனியார் காணிக்கு உரிமை கோரலாம். ஊர் திரும்ப இயலாதவனுக்கு எதிராகவும் அப்பத்தாண்டு ஓடிக்கொண்டிருந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமே, போரினால் நீதிமன்றை நாட இயலாதிருந்தோர் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கினின்று விலக்கியது. போர் முடிந்து ஏழாண்டு கழிந்தபின் வந்த நிவாரணம் இது!

பதிவன்று என நாம் மேலே குறித்த அந்தப் படி இங்கேதான் பயன் தருகிறது. மூலத்தை இழந்தவர், நொத்தாரிசின் பெயரும் உறுதியின் இலக்கமும் திகதியும் தெரிந்தால், பதிவகத்துப் படியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். அதனைப் பெறுவதோடு நில்லாது, காணியின் ஏட்டுப் பக்கத்தையும் தேடிப் பார்த்தல் வேண்டும். தாம் இல்லாத காலத்தில் அதில் வேறெவர் பெயர் ஏறியுள்ளது என்பது அங்கேதான் தெரியவரும்.