வயது வந்தபின் கற்கும் வரலாறு: அண்மைக்காலக் கிறிஸ்தவம்

பள்ளியில் வரலாறு படித்த காலத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்தோம்; தேர்வு முடிந்ததும் மறந்தோம். வயது வந்தபின் நாமே விரும்பிக் கற்கத் தொடங்கும்போது நிலைமை வேறு. அப்பொழுது மதிப்பெண்ணுக்காக அன்று, நம் மனத்தில் எழுந்த ஒரு கேள்விக்காகவே நூலைத் திறக்கிறோம். பிற மாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கு அத்தகைய கேள்விகளுள் ஒன்று கிறிஸ்தவத்தின் அண்மைக்கால வரலாற்றைப் பற்றியது. நம் பாட்டனாரின் ஊரில் இருந்த கோயிலும் பள்ளிக்கூடமும் எவ்வாறு தோன்றின? இங்கே நாம் காணும் திருச்சபை ஏன் வேறு பெயரால் வழங்குகிறது? கிறிஸ்தவர் அல்லாதாருக்கும் இவை பயனுள்ள கேள்விகளே. அண்டை வீட்டாரின் வரலாற்றை அறியாமல் அவர்களை அறிந்தோம் என்று சொல்ல இயலாது அன்றோ?

உலகக் கிறிஸ்தவம் முழுவதையும் ஒருங்கே கற்க முயல்வோர் விரைவில் சோர்ந்துபோவர். 1517இல் ஜெர்மனியில் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தம் முதல், 1962இலிருந்து 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை அந்தப் பரப்பு மிகப் பெரிது. ஆதலின், நாம் இருக்கும் இடத்திற்கு அருகிலுள்ள ஓர் இழையைப் பற்றிக்கொண்டு தொடங்குவதே நன்று.

வங்காளத்தில் வாழ்வோருக்கு அந்த இழை செராம்பூரில் கிடைக்கும். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இவ்வூர், தரங்கம்பாடியைப் போலவே ஒரு காலத்தில் டேனியர் வசம் இருந்தது. 1845இல் இவ்விரண்டையும் டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றனர். வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார். 1800இல் செராம்பூரில் குடியேறினார். ஆங்கிலேயரான அவர் டேனியரின் ஊரை நாடியது ஏன்? அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் மிஷனெரிகளை வரவேற்கவில்லை. 1813ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அந்தத் தடை தளர்ந்தது. ஆங்கில ஆட்சியும் கிறிஸ்தவப் பணியும் எக்காலத்தும் கைகோத்தே நடந்தன என்ற எண்ணம் இந்த ஒரு செய்தியால் ஆட்டம் காண்கிறது.

தரங்கம்பாடியிலும் இதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. 1706இல் அங்கு வந்த சீகன்பால்குவை அனுப்பியவர் டென்மார்க் அரசரே. ஆயினும் அங்கிருந்த டேனியத் தளபதி 1708இல் அவரைச் சிறையில் அடைத்தார். அரசரின் ஆதரவு ஒரு பக்கம், வணிகரின் ஐயம் மறு பக்கம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அக்காலத்தின் உண்மை நிலை விளங்குகிறது.

இவ்விருவரும் வயது வந்தபின் கற்றவர்கள் என்பதும் நினைக்கத்தக்கது. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுடன் அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் முற்றுப்பெற்றது. கேரி காலணி தைக்கும் தொழிலில் இருந்துகொண்டே பல மொழிகளைத் தாமாகக் கற்றவர். அலுவல் முடிந்து இரவில் அரை மணி நேரம் படிப்போர் இதனால் ஊக்கம் பெறலாம்.

இனி, படிக்கும் முறையைச் சொல்வோம். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வகுத்துக்கொள்வோம்: ஆண்டு, நிகழ்ச்சி, அதைச் சொன்னவர் யார். மூன்றாவது பத்தியே முதன்மையானது. மிஷனெரி ஒருவர் தம் நாட்டிலுள்ள சங்கத்திற்கு எழுதிய அறிக்கை ஒரு நோக்கத்துடன் எழுதப்பட்டது. அவரை எதிர்த்தவர் எழுதியதும் அவ்வாறே. சான்றாக, 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமைகள் ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெரும் புலவராகிய வேதநாயக சாஸ்திரியாரே அவ்வழக்கங்களை ஆதரித்து எழுதியிருக்கிறார். நாம் போற்றும் ஒருவர், நாம் ஏற்க இயலாத ஒன்றை ஆதரித்தார் என்று அறியும்போது மனம் வருந்தத்தான் செய்யும். அதற்காக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவது கல்வி ஆகாது.

இத்தகைய படிப்பால் நம்பிக்கை குலைந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. வரலாறு மனிதர் செய்ததைச் சொல்லும். இறைவனைப் பற்றித் தீர்ப்புக் கூறாது. இந்த எல்லையை உணர்ந்தவர் அஞ்ச வேண்டியதில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் சென்ற தமிழருக்கு இவ்வரலாற்றில் தனி இடமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் சென்று அம்மொழி கற்று அம்மக்களிடையே உழைத்தார். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டார் தம் பணத்தையும் உழைப்பையும் மட்டுமன்றி நட்பையும் தரவேண்டும் என்று அஞ்சாது எடுத்துரைத்தார். 1912இல் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919இல் தரங்கம்பாடியில் சபை ஒற்றுமைக்கு வித்திட்ட கூட்டத்திலும் அவர் முன்னின்றார். 1945இல் அவர் மறைந்தார். அவ்வித்து 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முளைத்தது. வட இந்தியத் திருச்சபை 1970இல் நாகபுரியில் உருவாயிற்று. நாம் வாழும் நகரத்துக் கோயிலின் பெயர் ஏன் வேறு என்ற கேள்விக்கு விடை இதுதான்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கும் வழி உண்டு. 1818இல் நிறுவப்பட்டு, 1827இல் டென்மார்க் அரசரிடமிருந்து பட்டம் வழங்கும் உரிமை பெற்ற செராம்பூர்க் கல்லூரியின் வழிவந்த செனட், குருப்பட்டம் பெறாத பொதுமக்களும் வீட்டிலிருந்தே கற்கத்தக்க பாடத்திட்டங்களை வகுத்துள்ளது. அதற்கு நேரம் இல்லாதோர் தம் ஊர்ப் பழங்கோயிலின் கல்வெட்டுகளையும் கல்லறை வாசகங்களையும் படிக்கலாம். குருவானவரின் அனுமதி பெற்று ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பார்க்கலாம்.

கற்றதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வோமாக. வேற்று மொழிச் சூழலில் வளரும் அவர்களுக்குத் தம் முன்னோர் ஊரையும் தாம் வாழும் ஊரையும் இணைக்கும் கதை ஒன்று அப்பொழுது கிடைக்கும். நாம் கற்றதும் நம் மனத்தில் நிலைபெறும்.