குழந்தை பிறக்கும் முன் வீட்டில் தைப்பவையும் கட்டுபவையும்: கவனத்தில் கொள்ள வேண்டியவை

ஏழாம் மாதம் நிறைந்து வளைகாப்பும் முடிந்த பின்னர், பெரும்பாலான வீடுகளில் குழந்தையை வரவேற்கும் வேலைகள் தொடங்கிவிடுகின்றன. பரணில் கிடக்கும் பழைய மரத்தொட்டில் இறக்கப்படுகிறது. பாட்டி பழைய வேட்டிகளைத் தேடி எடுக்கிறார். தந்தையாகப் போகிறவர் அறைச் சுவருக்கு வண்ணம் அடிக்க நாள் பார்க்கிறார். குழந்தை பிறக்கும் முன் புத்தாடை வாங்கலாகாது என்னும் வழக்கமுள்ள குடும்பங்களிலும், பழந்துணிகளைத் துவைத்து மடித்து வைக்கும் வேலை மட்டும் தவறுவதில்லை. இவ்வேலைகளால் செலவு குறைகிறது. பிரசவத்திற்குப் பிந்தைய முதல் வாரங்களில் தாய்க்கும் உடனிருப்பவர்களுக்கும் சுமையும் குறைகிறது.

இவ்வாறு செய்யப்படும் பொருள்களுள் சில குழந்தைக்கு மிகுந்த நன்மை தருபவை. சில, அன்புடன் செய்யப்பட்டவையாயினும், தீங்கு விளைவிக்கக் கூடியவை. பச்சிளங்குழந்தையால் தன் முகத்தின்மேல் விழுந்த துணியை விலக்க இயலாது. மூச்சுக்கு இடையூறான நிலையிலிருந்து தானாக நகரவும் இயலாது. ஆகவே, எதைச் செய்யத் தொடங்கினாலும் ஒன்றை முதலில் எண்ணிப் பாருங்கள்: குழந்தை உறங்கும்போது, பெரியவர் எவரும் அருகில் இல்லாத நேரத்தில், இப்பொருள் எங்கே இருக்கும்? குழந்தையின் படுக்கையில் இருக்கும் என்பது விடையானால், அது தேவைதானா என்று மீண்டும் ஒருமுறை யோசிப்பது நல்லது.

பழைய வேட்டியும் சேலையும்

வீட்டில் செய்யத் தக்கவற்றுள் முதலிடம் பருத்தித் துணிகளுக்கே உரியது. பலமுறை துவைக்கப்பட்ட வேட்டி, கைத்தறிச் சேலை ஆகியவை மென்மையானவை, ஈரத்தை நன்கு உறிஞ்சுபவை, விரைவில் உலர்பவை. நான்கு முழ வேட்டி ஒன்றிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. சதுரமான ஆறு துணிகள் கிடைக்கும். பிறந்து சில நாள்கள் ஆன குழந்தை, தாய்ப்பால் போதிய அளவு கிடைக்குமாயின், ஒரு நாளில் ஆறு முறைக்கும் மேலாகச் சிறுநீர் கழிக்கும். மலமும் பலமுறை கழிக்கும். மழைக்காலத்தில் துணி உலர ஒரு நாளுக்கும் மேல் ஆகலாம் என்பதால், இரண்டு டஜன் துணிகளாவது தயாராக இருப்பது வசதி.

வெட்டுவதற்கு முன் சரிகைக் கரையை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். பின்னர் ஓரங்களை மடித்துத் தையுங்கள். ஓரம் தைக்காத துணியிலிருந்து பிரியும் நூலிழை, குழந்தையின் கால் விரலைச் சுற்றிக்கொள்ளும் நிகழ்வுகள் மருத்துவர்கள் அறிந்தவையே. சில நேரங்களில் தாயின் உதிர்ந்த தலைமுடியும் அவ்வாறு சுற்றிக்கொள்கிறது. இழை இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கிச் சிவக்கும். நேரம் கடந்தால் விரலையே இழக்க நேரிடும். காரணம் தெரியாமல் குழந்தை இடைவிடாது அழும்போது கால் விரல்களையும் கை விரல்களையும் ஆண் குழந்தையாயின் பிறப்புறுப்பையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். வீட்டில் தைக்கும் காலுறை, கையுறை ஆகியவற்றின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூல்களை வெட்டிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். ஆயினும் பலரும் மறந்துவிடுகின்றனர்.

தைத்த துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, சோப்பு எஞ்சாதவாறு அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். நறுமணம் ஊட்டும் திரவங்கள் வேண்டா. வெயில் இல்லாத நாள்களில் இஸ்திரி போட்டு ஈரத்தை முழுமையாக நீக்கலாம். அரைநாண் துணியை இடுப்பில் கட்டும்போது, தொப்புள் கொடியின் எஞ்சிய பகுதி துணிக்கு வெளியே, காற்றோட்டமாக இருக்குமாறு முன்புறத்தை மடித்து விடுங்கள். அந்த இடத்தில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் தடவலாகாது. ஊக்கு குத்துவதைத் தவிர்த்து, முடிச்சு அல்லது துணி நாடா பயன்படுத்துவது பாதுகாப்பு.

மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையில் குறைந்தது இரண்டு பெரிய, உலர்ந்த துணிகளைத் தனியே வைத்திருங்கள். ஒன்று பிறந்தவுடன் குழந்தையின் உடல் ஈரத்தைத் துடைக்க, மற்றொன்று போர்த்த. ஈரத்துடன் இருக்கும் குழந்தையின் உடல் வெப்பம் மிக விரைவாகக் குறையும். பாட்டி கையால் பின்னிய தொப்பி இங்கே மிகவும் பயன்படும். வீட்டில் உறங்கும்போது, அறை வெப்பமாக இருந்தால், அதே தொப்பி தேவையில்லை. முகத்தின்மேல் நழுவி விழவும் கூடும்.

குழந்தையைத் துணியில் சுற்றும் வழக்கமுள்ளவர்கள், கால்களை நீட்டிச் சேர்த்து இறுகக் கட்டுவதைக் கைவிட வேண்டும். அவ்வாறு கட்டினால் இடுப்பு மூட்டின் வளர்ச்சி பாதிக்கப்படக் கூடும். தொடைகள் விரிந்து மடங்க இடம் இருக்க வேண்டும். குழந்தை புரள முயலும் வயதில் சுற்றுவதையே நிறுத்திவிட வேண்டும்.

எடை குறைந்து அல்லது மாதம் நிறையாமல் குழந்தை பிறந்தால், தாயின் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை மருத்துவர் அறிவுறுத்துவார். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் தொடங்கிய இம்முறைக்கு, அணைப்பைத் தாங்கும் நீண்ட பருத்தித் துணி ஒன்றும் முன்புறம் திறக்கும் மேலாடை ஒன்றும் போதும். அகலமான துணியொன்றை இதற்கென ஒதுக்கி வைத்தல் நலம். கட்டும் முறையைச் செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

தூளி

தமிழ்க் குடும்பங்களில் தூளி இல்லாத பிள்ளைப்பேறு அரிது. விட்டத்திலோ கூரைக் கொக்கியிலோ சேலையைக் கட்டி ஆட்டினால் அழும் குழந்தை அடங்குகிறது. தாய்க்குக் கை ஓய்கிறது. அதனை அடியோடு விலக்கிவிடுங்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஆயினும் அந்த அறிவுரை பெரும்பாலான வீடுகளில் ஏற்கப்படுவதில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆகவே, அதில் உள்ள இடர்களை விளக்குவதே பயனுடையது.

முதலாவது, மூச்சு. தூளியின் அடிப்பகுதி வளைந்திருப்பதால் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை மார்பின்மேல் படிகிறது. பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய் மென்மையானது. இந்த நிலையில் அது மடங்கி அடைபட வாய்ப்புண்டு. துணியின் இருபுறமும் மூடிக்கொள்வதால் குழந்தையின் முகம் வெளியே தெரிவதும் இல்லை, வெப்பமும் கூடுகிறது. எனவே, உறங்குவதற்கு உரிய இடம் தட்டையான, உறுதியான படுக்கையே. தூளியை அழுகையைத் தணிக்கும் சிறு பொழுதுக்கு மட்டும், ஒருவர் அருகில் அமர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பயன்படுத்துங்கள். குழந்தை உறங்கியதும் பாயில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், சளி, மூச்சுத்திணறல் உள்ள குழந்தைக்கும் தூளி கூடாது.

இரண்டாவது, கட்டும் முறை. மின்விசிறிக்கான கொக்கியில் தூளி கட்டலாகாது. நைலான், பாலியெஸ்டர் சேலைகளில் முடிச்சு வழுக்கும்; நைந்த பருத்திச் சேலை கிழியும். உறுதியான பருத்திச் சேலையே ஏற்றது. வாய்ப்பகுதி விரிந்திருக்கக் குறுக்கே தொட்டில் கட்டை வைத்தல் வேண்டும். தூளியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழ உயரத்திற்கு மேற்படாமலும், கீழே தடித்த விரிப்பு இருக்குமாறும் அமையுங்கள். குழந்தையைக் கிடத்துவதற்கு முன், 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். மூன்று கிலோ குழந்தைக்கு இது மிகை என்று தோன்றலாம். ஆனால், ஆடும்போது கொக்கியின்மேல் விழும் விசை குழந்தையின் எடையைவிடக் கூடுதலானது. தூளியைப் பற்றிக்கொண்டு தொங்கும் அண்ணனையும் அக்காவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்த அண்ணனும் அக்காவுமே மூன்றாவது இடர். சேலைத் தூளியில் ஏறி விளையாடிய சிறுவர் சிறுமியர், துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கியதால் உயிரிழந்த நிகழ்வுகள் இந்தியத் தடயவியல் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கைக்குழந்தையைவிட ஓடியாடும் வயதுப் பிள்ளைகளே இதில் சிக்குகின்றனர். குழந்தையை எடுத்தவுடன் தூளியை அவிழ்த்துவிடுங்கள். அல்லது பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டிவிடுங்கள். தொங்கும் தூளியுள்ள அறையில் பிள்ளைகளைத் தனியே விடலாகாது.

படுக்கை

படுக்கைக்கு நீங்கள் தைக்க வேண்டியது மிகக் குறைவு. தரையில் விரித்த பாயின்மேல் இரண்டு மூன்று மடிப்பாக இறுக்கமாக விரித்த பருத்தித் துணி போதும். இலவம் பஞ்சு மெத்தை புதைந்துபோகும் அளவு மென்மையாக இருந்தால் வேண்டா. தலை உருண்டையாக அமையும் என்று கருதிச் சில வீடுகளில் தைக்கப்படும் கடுகுத் தலையணையும், துணிச் சுருணையும் தேவையற்றவை. முதல் ஓராண்டுக்குத் தலையணையே வேண்டியதில்லை. தையல் பிரிந்தால் கடுகு மூக்கிலும் வாயிலும் செல்லும். ஒரே பக்கம் படுப்பதால் தலை தட்டையாவதைத் தவிர்க்க, விழித்திருக்கும்போது உங்கள் கண்முன்னே சிறிது நேரம் குப்புறக் கிடத்துவதே வழி.

தொட்டிலின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் அலங்கார மெத்தை வரிசையையும் தவிருங்கள். முகம் அதில் புதைந்து குழந்தைகள் இறந்ததால், அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் விற்பனையையே தடை செய்தது. கொசுவலை மட்டும் அவசியம் வேண்டும். அது இறுக இழுத்து ஓரம் செருகப்பட்டதாக, குழந்தையின்மேல் சரியாததாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கென 2015இல் தொடங்கப்பட்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் கொசுவலையுடன் கூடிய சிறு படுக்கையும் இடம்பெற்றது. உங்கள் மருத்துவமனையில் என்ன வழங்கப்படுகிறது என்பதைக் கேட்டறிந்த பின் தைக்கத் தொடங்கினால் துணி மிச்சமாகும்.

உறவினர் வீட்டிலிருந்து வரும் மரத்தொட்டிலில் கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருத்தல் கூடாது. குளிர்பானத் தகரக் குவளை ஒன்று உள்ளே நுழைந்தால், குழந்தையின் உடலும் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக் கூடும்.

அலமாரியில் அந்துருண்டை

மூத்த குழந்தையின் துணிகள் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அவற்றினிடையே அந்துருண்டையும் இருக்கும். சில ஊர்களில் இதனைப் பாச்சை உருண்டை என்பர். பெரும்பாலும் நாப்தலீனால் ஆன இவ்வுருண்டைகளின் ஆவி துணியில் ஊறியிருக்கும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அளவு மிகுந்த காமாலை மூளையைப் பாதிக்கும். இக்குறைபாடு குழந்தைக்கு உண்டா என்பது பிறக்கும் முன் பெரும்பாலும் தெரியாது. ஆகவே, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகவே இதனைத் தவிர்த்தல் வேண்டும். பெட்டியில் இருந்த துணிகளை எட்டாம் மாதத்திலேயே எடுத்துத் துவைத்து, பல நாள்கள் வெயிலிலும் காற்றிலும் உலர்த்துங்கள். மணம் சிறிதும் எஞ்சக் கூடாது. இனிமேல் பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம். கற்பூரம் இதற்கு மாற்றாகாது. அதுவும் கைக்குழந்தைகளுக்கு நஞ்சே.

சுவரும் வண்ணமும்

வண்ணம் அடிக்க வேண்டுமாயின் வேறொருவர் அடிக்கட்டும். கருவுற்றவர் அந்நாள்களில் வேறு வீட்டில் தங்கட்டும். பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது எழும் தூசியே பெரிய தீங்கு. அதில் ஈயம் இருக்கலாம். ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் அடையும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வண்ணம் பூசிய சன்னல், கதவு, தொட்டில் எதையும் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். பழைய தொட்டிலின் வண்ணம் உரிந்திருந்தால் அதனைப் பயன்படுத்தாமல் விடுவதே மேல்.

ஏணியிலும் நாற்காலியிலும் ஏறுதல், பரண் சுத்தம் செய்தல், பூனை மலம் அள்ளுதல் ஆகிய மூன்றும் இம்மாதங்களில் கருவுற்றவருக்கு உரிய வேலைகள் அல்ல.

சிறு பொருள்கள்

தொட்டிலுக்கு மேல் தொங்கவிடும் காகிதக் கிளியும் துணிப் பந்தும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்து மாதம் ஆனதும், அல்லது குழந்தை கையூன்றி எழத் தொடங்கியதும், அவற்றைக் கழற்றிவிட வேண்டும். துணிப் பொம்மைக்குக் கண்ணாகப் பொத்தான் தைப்பதைவிட நூலால் பூவேலை செய்வது நன்று. ஏறத்தாழ 3 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கும் எப்பொருளும் குழந்தையின் தொண்டையை அடைக்க வல்லது. கருகமணி மாலையும் வசம்பு வளையலும் இவ்வகையினவே.

விளக்குக் கரியைச் சேர்த்து வீட்டில் செய்யும் கண்மையைக் கண்ணில் தீட்டலாகாது. கண்ணில் தொற்று ஏற்படும். கடையில் வாங்கும் மைகள் சிலவற்றில் ஈயமும் காணப்பட்டுள்ளது. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால், வீட்டு மையால் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம். கை சூப்பும் குழந்தையின் கன்னத்தைவிட அது பாதுகாப்பான இடம்.

நீங்கள் செய்து வைத்த பொருள்கள் குறித்து ஐயம் இருப்பின், பிரசவத்திற்கு முந்தைய வீட்டுப் பார்வைக்கு வரும் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் தூளிக் கொக்கியையும் படுக்கையையும் நேரில் காட்டிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். பிறந்த குழந்தையின் தோலில் முதல் 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம் தோன்றினாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை அது பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். துணிப்பெட்டியில் அந்துருண்டை இருந்திருந்தால் அதனையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.