உங்களுக்குத் தெரியுமா? குறட்டை விடும் பிள்ளையின் தொண்டைக்கும் ஸ்கேன் உண்டு

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட், பிள்ளையின் தொண்டையையும் காட்டும். தாடைக்குக் கீழே கருவியை வைத்தால் டான்சிலின் பருமன், நாக்கின் அடிப்பகுதி, தொண்டைச் சுவரின் தடிப்பு தெரியும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம். ஆனால் காற்று ஒலி அலையைத் திருப்பியடித்துவிடும். மூச்சுப்பாதையின் உட்புறம் தெரியாது. மூக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும் அடினாய்டைப் பார்க்க எக்ஸ்ரேயோ குழாய்க் கேமராவோதான்.

தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது என்பதையும் ஸ்கேன் சொல்லாது. அதற்கு இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை வேண்டும். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவை வரும்போதுதான் நோய் என்பார்கள். பிள்ளைகளுக்கு 1 தடவையே கணக்கில் சேரும்! அதனால் ஸ்கேன் இன்னும் துணைக்கருவிதான்.

“அலுப்பில குறட்டை விடுறான்” என்று பாட்டிமார் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். தினமும் குறட்டை, இடையிடையே திணறல், வாயால் மூச்சு, பகலில் அடங்காத துறுதுறுப்பு இருந்தால் நெகிரி செம்பிலானின் கெமாஸ் தோட்டத்துப் பெற்றோர் முதலில் அரசு கிளினிக்கில் காட்டலாம். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். பிள்ளை தூங்கும்போது கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி ஒன்று கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.