ஒரு நாளைக்கு 12 படம்!

‘‘எனக்கு என்ன குறைன்னே தெரியலை டாக்டர். சுகர், பிரஷர் எல்லாம் கட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா, காலையில கண்ணு முழிக்கும்போதே ‘இன்னிக்கும் இதே நாள்தானா’ன்னு இருக்கு...’’

ரிடையர் ஆனவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் அம்மாக்கள் எனப் பலர் என்னிடம் இப்படிச் சொல்கிறார்கள். கை பிடித்துப் பார்த்தால் நாடி ஒழுங்காக இருக்கும். பசி உண்டு, தூக்கம் உண்டு. பேருக்கு ஒரு லேகியம் எழுதிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. ‘‘உங்க செல்போன்ல கேமரா இருக்கில்ல? சாயங்காலம் தெருவுல ஒரு சுத்து போய் நாலு படம் எடுத்துட்டு வாங்க’’ என்பேன். ‘கஷாயம் கேட்டு வந்தா இந்த மனுஷன் போட்டோ எடுக்கச் சொல்றாரே!’ என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு விடாமல் இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் கேமரா உதவாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாகப் பேசலாம். நான் சொல்லப்போவது நோய் இல்லாத, ஆனால் எதிலும் பிடிப்பு இல்லாதவர்களுக்கு.

அமெரிக்காவில் விவியன் மேயர் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1926-ல் பிறந்தவர். வீடுகளில் தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை. சிகாகோ பக்கம் சுமார் நாற்பது வருஷம் அதைத்தான் செய்தார். குழந்தைகளை வெளியே அழைத்துப் போகும்போது கழுத்தில் ஒரு ரோலிஃப்ளெக்ஸ் கேமரா தொங்கும். அதை வயிற்றுக்கு நேரே வைத்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அதனால் எதிரே இருப்பவருக்குத் தன்னை முறைத்துப் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே வராது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், அழுகிற குழந்தை, பேப்பர் படித்தபடியே தூங்கிப்போன கிழவர், கண்ணாடியில் தெரியும் தன் முகம்... இவைதான் அவர் எடுத்த படங்கள்.

ஒரு லட்சத்துக்கும் மேலே எடுத்திருக்கிறார். யாரிடமும் காட்டவில்லை. ஏராளமான ஃபிலிம் சுருள்களைக் கழுவிப் பார்க்கக்கூட இல்லை! வாடகை பாக்கியால் 2007-ல் அவர் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பெட்டிகள் வெளியுலகத்தின் கண்ணில் பட்டன. உலகம் அவரைக் கொண்டாட ஆரம்பித்தபோது அவர் இல்லை. 2009 ஏப்ரலில் இறந்துவிட்டார். கடைசிக் காலத்தில் வறுமை, தனிமை. அவர் வளர்த்த பிள்ளைகள்தான் வீடு பார்த்துக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தால் கவலையெல்லாம் தீரும் என்று சொல்ல அவர் கதையை நான் எடுக்கவில்லை. கழுவாத படத்தால் என்ன பலன் என்று யோசித்துப் பாருங்கள். நின்று பார்த்தாரே, அந்த நிமிஷம்தான் அவருக்குக் கிடைத்த பலன் என்பது என் எண்ணம்.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் பாதிக்கு மேல் வைத்தியன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது. நாடியைத் தொடுவதற்கு முன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆளைப் பார் என்று கல்லூரியில் எங்களைப் பழக்கினார்கள். அப்படிப் பார்க்கப் பார்க்க, எந்த இரண்டு மூட்டுவலிக்காரரும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்று தெரியும். உங்கள் தெருவும் அப்படித்தான். முப்பது வருஷமாக நடந்த தெரு என்பதாலேயே நீங்கள் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள்.

‘‘போன்ல ஐயாயிரம் படம் இருக்கு டாக்டர், ஒண்ணும் ஆகலையே’’ என்பீர்கள். சும்மா தட்டித்தள்ளினால் ஒன்றும் ஆகாதுதான். அமெரிக்க உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட ஞாபகம் குறைவாக இருந்தது. ஆனால், ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எதை எடுப்பது என்று மனசு வேலை செய்திருக்கிறது! 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர், ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தினம் ஒரு படம் எடுப்பவர்களைக் கவனித்து, அது தன்னைத் தானே பேணிக்கொள்ள உதவுகிறது என்று எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால், என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

ரோலிஃப்ளெக்ஸில் ஒரு சுருளுக்கு 12 படம்தான். நீங்களும் ஒரு நாளைக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கூடாது. பூக்காரம்மா முழம் போடும் கை, இஸ்திரி வண்டியில் கரி ஊதும்போது பறக்கும் பொறி, பால் பூத் வாசலில் நசுங்கிய டப்பா, ஸ்கூல் ஆட்டோவில் தொங்கும் பைகள்... ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. அப்போதுதான் கண் தேட ஆரம்பிக்கும்.

முட்டி வலியா? நடக்கவே வேண்டாம். ஹென்றி கார்டியர் பிரஸ்ஸான் என்ற பிரெஞ்சுக்காரர் தெருப்படங்களில் பெரிய பெயர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுக்கத் திருவண்ணாமலைக்கே வந்தவர். நல்ல இடம் ஒன்றைப் பார்த்துவிட்டால், அதற்குள் ஆள் வரும்வரை காத்திருப்பது அவர் பழக்கம். நீங்களும் வாசல்படியில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். தெரு உங்களைத் தேடி வரும்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்படி நின்று நின்று போவது வாக்கிங் கணக்கில் சேராது. வாரம் 150 நிமிஷம் வேக நடை தனியாக இருக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், நின்று எடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று பின்னாலேயே போய் ரோட்டில் இறங்கிவிடாதீர்கள்.

முகம் தெரிகிற மாதிரி எடுப்பதானால் ‘‘ஒரு படம் எடுத்துக்கவாம்மா?’’ என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பெற்றவர்கள் சம்மதமில்லாமல் எடுக்காதீர்கள். பிச்சை எடுப்பவரையும், குடித்துவிட்டுக் கிடப்பவரையும் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அவர் நிலைமையில் நம் வீட்டு ஆள் இருந்தால் எடுப்போமா?

கேட்கப் போனால்தான் பேச்சு வரும். ‘‘இருபது வருஷமா பூ வாங்கறேன் டாக்டர். அந்தம்மா பேரு போன வாரம்தான் தெரிஞ்சுது’’ என்றார் ஒரு ரிடையர்டு டீச்சர். அவர் பிரிண்ட் போட்டுக் கொடுத்த படம் இப்போது பூக்கூடைக்குப் பக்கத்தில், சாமி படத்தோடு இருக்கிறதாம். டீச்சர் இரண்டு நாள் வெளியூர் போனால் ‘‘எங்கம்மா காணோம்?’’ என்று விசாரிக்க ஓர் ஆள் கிடைத்தாயிற்று.

மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பாருங்கள். மனசுக்குப் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் தேதி, தெரு, ஆள் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். பென்சிலால் லேசாக எழுதினால் போதும். பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.