விசைகளில் குடியிருக்கும் சுருதி

மின்னியல் இசைப்பலகையொன்றில் எந்த விசைக்கு எந்தச் சுரம் என்பதை மரமோ கம்பியோ தீர்மானிப்பதில்லை. கருவியின் நினைவகத்திலுள்ள எண்களே தீர்மானிக்கின்றன. அந்த எண்களைக் கலைஞர் தமது தேவைக்கேற்ப மாற்றி, சேமித்து, வேண்டியபோது மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். இது சிறியதொரு தொழில்நுட்ப வசதியாகவே தோன்றும். ஆயினும் அரபு இசையைப் பொறுத்தவரை, ஒரு மரபின் செவிநுட்பம் விசைப்பலகையில் நிலைப்பதும் மறைவதும் இதிலேயே தங்கியுள்ளது.

பியானோவின் வழிவந்த விசைப்பலகைகளில் ஒரு ஸ்தாயி 12 சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பங்கும் 100 சென்ற் அளவுடையது. அரபு இசையின் மகாம்கள் பலவற்றிலோ இரு விசைகளுக்கு இடைப்பட்ட சுரங்கள் இன்றியமையாதவை. ஊத், வயலின் ஆகியவற்றை இசைப்போர் விரலைச் சற்று நகர்த்தி அவற்றைப் பெறுகின்றனர். விசைப்பலகையில் அதற்கு இடமில்லை. 1932 இல் கெய்ரோவில் நடைபெற்ற அரபு இசை மாநாட்டில், பியானோ இவ்விசைக்குப் பொருந்துமா என்பது விவாதப் பொருளாகியமைக்கு இதுவே காரணமாகும்.

இக்குறையை மின்னியல் கருவி பெருமளவு நீக்கியது. யமஹா, கோர்க் ஆகிய நிறுவனங்கள் அரபு இசைக்கென வெளியிட்ட கருவிகளில் 12 சுரங்களையும் தனித்தனியே ஏற்றவோ இறக்கவோ முடியும். 'சி' விசையில் தொடங்கும் ராஸ்த் மகாமின் மூன்றாம், ஏழாம் சுரங்களுக்காக 'ஈ', 'பி' ஆகிய இரு விசைகளும் சுமார் 50 சென்ற் இறக்கப்படுகின்றன. 'டி' விசையில் தொடங்கும் பயாத்தி மகாமிலும் 'ஈ' இறக்கப்பட வேண்டும். ஆனால் ராஸ்தில் ஒலிப்பதைவிட அது இங்கு சற்றுத் தாழ்ந்தே ஒலிக்க வேண்டுமெனத் தேர்ந்த கலைஞர்கள் கருதுகின்றனர். எனவே 50 என்பது தொடக்கப் புள்ளி மாத்திரமே. அதிலிருந்து எத்தனை சென்ற் விலகுவது என்பதைச் செவியே தீர்மானிக்கின்றது.

கச்சேரியின் நடுவே ஒரு மகாமிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கலைஞருக்கு எண்களைத் திருத்திக்கொண்டிருக்க அவகாசமில்லை. ஆகவே ஒவ்வோர் ஒழுங்கையும் முன்கூட்டியே நினைவகத்தில் பதிந்து, ஒரு பொத்தானை அழுத்தி அழைத்துக்கொள்கின்றார். பதியாமல் கருவியை நிறுத்தினால், அமைத்தவை பெரும்பாலும் அழிந்துவிடும்.

பதிந்தவையும் நிரந்தரமானவை அல்ல. 1982 இல் வெளிவந்த ரோலண்ட் ஜூனோ 60 தனது ஒலியமைப்புகளை ஒலிநாடாவில் சேமித்தது. 1983 இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ் 7 கருவியின் நினைவகம் ஒரு சிறு மின்கலத்தை நம்பியிருந்தது. மின்கலம் தீர்ந்தால் நினைவகமும் வெறுமையாகும். இன்று யூஎஸ்பி நினைவகங்கள் உள்ளன. ஆனால் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கோப்பை மற்றொரு நிறுவனத்தின் கருவியால் படிக்க இயலாது. கருவி பழுதடைந்து, அவ்வகைக் கருவியின் உற்பத்தியும் நின்றுவிட்டால், கோப்பு கையிலிருந்தும் பயனில்லை.

கருவிகளுக்கிடையிலான பொதுமொழியாகிய மிடி 1983 இல் அறிமுகமானது. சுருதி அமைப்புகளை அதனூடாக அனுப்புவதற்கான நியமம் 1992 இல் உருவானது. எனினும் எல்லாக் கருவிகளும் அதனைப் பின்பற்றுவதில்லை. ஸ்காலா என்னும் மென்பொருளின் முறை இன்னும் எளிமையானது. சுரங்களின் அளவுகள் ஒரு கோப்பிலும், எந்த விசைக்கு எந்தச் சுரம் என்பது மற்றொரு கோப்பிலும் சாதாரண எழுத்துக்களாகவே எழுதப்படுகின்றன. கருவி இல்லாமலேயே எவரும் அவற்றைத் திறந்து வாசிக்கலாம்.

கலைஞர்கள் கவனத்திற் கொள்ள வேண்டியது இதுவே. கருவியினுள் ஒரு பிரதி, வெளி நினைவகத்தில் ஒரு பிரதி என்பதோடு நின்றுவிடாமல், மகாமின் பெயரையும் தொடக்க விசையையும் குறிப்பிட்டு, 12 எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். அத்தாள் இருக்குமாயின், சுரங்களைத் தனித்தனியே மாற்றக்கூடிய எந்தக் கருவியிலும் அவ்வொழுங்கைச் சில நிமிடங்களில் மீள அமைத்துவிடலாம். பல்லாண்டுப் பயிற்சியினாற் பெற்ற செவிநுட்பத்தை ஓர் இயந்திரத்தின் ஆயுளோடு பிணைத்து வைப்பது விவேகமாகாது.