அம்மாவின் கைப்பேசியை நான் சுத்தம் செய்த நாள்

'இடம் நிரம்பிவிட்டது' என்று அம்மாவின் கைப்பேசி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பேரனின் படம் வந்தால் திறக்கவில்லை. சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, "கொடுங்கம்மா, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று வாங்கினேன். வானொலியில் நாள் முழுக்க நேயர்களின் செய்திகளைப் படித்து, படித்ததை அழித்துக்கொண்டே இருப்பவள் நான். இது ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

குறுஞ்செய்திப் பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. வங்கி, டாப்-அப், பேரங்காடிச் சலுகை, முகம் தெரியாத கடன்காரர்களின் விளம்பரம். எல்லாவற்றையும் தேர்ந்தெடு, அழி, ஆம். முடிந்தது. கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள் அம்மா அழைத்தார். "ஏம்மா, அப்பா மெசேஜ் எல்லாம் எங்க போச்சு?"

அப்பா லோரி ஓட்டுநர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பட்டர்வொர்த்துக்குச் சரக்கு ஏற்றிப் போவார். கடைசிவரை பட்டன் கைப்பேசிதான். புலனம் என்றால் என்னவென்றே தெரிந்துகொள்ள மறுத்தவர். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தினால் அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி தட்டுவார். 'தாப்பா வந்துட்டேன்.' 'சாப்பிட்டியா.' 'கேட்டைப் பூட்டிக்கோ.' அவ்வளவுதான். அவர் போய் மூன்று வருடமாகிறது. அம்மா கைப்பேசி மாற்றியபோது கடைக்காரப் பையன் பழைய செய்திகளையும் சேர்த்து ஏற்றிக் கொடுத்திருக்கிறான். சில மாலைகளில் அம்மா அதை எடுத்துப் படிப்பார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. ஒரு குறுஞ்செய்தி என்பது ஆங்கில எழுத்தில் 160 எழுத்து, தமிழ் எழுத்தில் 70. அப்படி ஆயிரம் செய்தியைச் சேர்த்தாலும் இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுக்கு வராது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை குடும்பக் குழுவில் வந்து விழும் காலை வணக்கக் காணொளிகள். அவற்றை நான் தொடவே இல்லை.

அன்றிரவே தேட ஆரம்பித்தேன். முதலில் தெரிந்துகொண்டது, அழித்தவுடன் செய்தி அந்த நொடியே காணாமல் போய்விடாது என்பது. 'இந்த இடம் காலி' என்று கைப்பேசி குறித்துக்கொள்கிறது. அடுத்து வரும் செய்தியோ படமோ அந்த இடத்தில் உட்காரும்போதுதான் பழையது நிஜமாகவே போகிறது. ஆகவே அழித்தது தெரிந்த உடனே கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். அம்மாவோ நான்கு நாளாக அதில் சமையல் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது குப்பைத்தொட்டி. ஐஃபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், அழித்த செய்திகள் 30 நாள் வரை 'அண்மையில் அழித்தவை' என்ற பகுதியில் காத்திருக்கும். செய்திப் பெட்டியின் மேல் மூலையில் 'எடிட்' அல்லது 'ஃபில்டர்ஸ்' என்பதைத் தொட்டால் அங்கே போகலாம். சாம்சுங்கின் சொந்தச் செய்தி செயலியிலும் மூன்று புள்ளியைத் தொட்டால் இதேபோல் 30 நாள் குப்பைத்தொட்டி உண்டு. அம்மாவின் கைப்பேசியில் அப்படி ஒன்றும் இல்லை.

சரி, கூகுள் கணக்கில் காப்பு நகல் இருக்குமே என்று பார்த்தேன். இருந்தது. தேதிதான் நேற்றையது. ஆண்ட்ராய்டு கைப்பேசி மின்னூட்டத்தில், வைஃபையில், சும்மா கிடக்கும் இரவு நேரத்தில் தானாக நகல் எடுக்கும். நான் காலி செய்த பெட்டியைத்தான் அது பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தது. அழித்த அன்றே பார்த்திருந்தால், கைப்பேசியை முழுதாகத் துடைத்துப் பழைய நகலை இறக்கியிருக்கலாம்.

புலனம் என்றால் இன்னும் கொஞ்சம் வழி உண்டு. உங்கள் பக்கத்தில் மட்டும் அழித்ததை ஐந்து விநாடிக்குள் 'அன்டூ' செய்யலாம். ஆண்ட்ராய்டில் அதிகாலை 2 மணிக்குக் கைப்பேசிக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து, கடைசி சில நாள் நகல்களை வைத்திருக்கும். செயலியை அகற்றி, அதே எண்ணில் மறுபடி நிறுவினால் நகலை இறக்கலாம். நகலுக்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும், அதை யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒரு கடையில் 280 வெள்ளி கேட்டார்கள். கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராதாம். அங்கே வேலை பார்த்த தம்பி என்னை வெளியே வழியனுப்பும் சாக்கில், "அக்கா, இப்போ வர்ற போன் எல்லாம் உள்ளே பூட்டுப் போட்டுத்தான் எழுதுது, நாலு நாள் ஆச்சுன்னா கஷ்டம்" என்றான். அவனுக்கு நன்றி. இணையத்தில் 'நூறு விழுக்காடு மீட்போம்' என்ற செயலிகளையும் பார்த்தேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் செயலி, வங்கி அனுப்பும் டேக் எண்ணையும் படிக்கும். மனம் பதறும் நேரத்தில் இது நினைவுக்கு வராது. அப்படி ஏமாந்து பணம் போனால் உடனே 997ஐ அழையுங்கள்.

எனக்கு வழி காட்டியது தம்பிதான், என் சொந்தத் தம்பி. "வந்த மெசேஜ் போச்சு. அனுப்புன போன் எங்கே?"

அப்பாவின் நோக்கியா அலமாரியில், அவருடைய பழைய லைசன்ஸோடு ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. பேட்டரி உப்பிப்போயிருந்தது. அதைத் திணித்து மின்னூட்டிப் பார்க்காமல், 15 வெள்ளிக்குப் புதிது வாங்கிப் போட்டோம். அந்த வகைக் கைப்பேசிகளில் அனுப்பியதைச் சேமித்து வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அப்பா அதை நிறுத்தி வைத்திருக்கவில்லை. 'அனுப்பியவை' பெட்டியில் 63 செய்திகள் இருந்தன. நூற்றுக்கணக்கில் இருந்திருக்க வேண்டும், நிரம்பியதும் பழையவற்றை அவரே அழித்திருப்பார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'டயர் பஞ்சர். லேட்டாகும். தூங்கு.' "அன்னிக்கு நான் தூங்கவே இல்லை" என்றார்.

63 திரைகளையும் என் கைப்பேசியில் படம் பிடித்து, தம்பிக்கும் அனுப்பி, அச்சும் எடுத்துவிட்டேன். நோக்கியாவைத் திரும்பக் கேட்டு நீட்டிய கையில் அம்மா அதைத் தரவில்லை.

"நீ ஒண்ணும் அமுக்க வேண்டாம்மா. நானே பார்த்துக்கிறேன்."