வாசகர் சூட்டும் குறிச்சொல்

இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சயாம் மரண ரயில் பாதை பற்றிப் படிக்க ஜொகூர் பாருவில் ஒருவர் நூலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டியூவி பகுப்பு முறையில், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 894.811 என்ற தமிழ் இலக்கிய எண்ணில் இருக்கும். அதே ரயில் பாதையின் போர் வரலாறு 940.54இல், வேறோர் அடுக்கில். ஒரு நூலை இரண்டு இடத்தில் நிறுத்த முடியாது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் இந்த இக்கட்டை நன்கு உணர்ந்தவர். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறை, நூலின் பொருள், இடம், காலம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து ஒரே எண்ணில் கோத்தது. கோத்தவர் அப்போதும் நூலகர்தான். வாசகருக்கு அதில் பங்கில்லை.

அந்தப் பங்கு இணையத்தில் கிடைத்தது. தனக்குப் பிடித்த பக்கத்தைச் சேமித்து, தன் சொல்லையே அதற்குக் குறிச்சொல்லாக இட்டு, எல்லாரும் பார்க்க வைக்கும் வசதியை 2003இல் டெலிசியஸ் என்ற இணையதளம் தந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2005இல் ‘பென்டேக்ஸ்’ மூலம் அதே உரிமையைத் தன் நூற்பட்டியலுக்குள்ளும் கொண்டுவந்தது. 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஏறத்தாழ 3,000 பழைய படங்களை ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றியது. பத்தே மாதத்தில் பொதுமக்கள் இட்ட குறிச்சொற்கள் 67,000ஐத் தாண்டின.

நூற்பட்டியலில் இப்படிக் குறிச்சொல் சேர்த்தாலும், நூலகர் தரும் பொருள் தலைப்பு அப்படியே இருக்கும். வாசகரின் சொல் அதன் பக்கத்தில் சேரும். அதைச் சொடுக்கினால் நாவலும் வரலாறும் நினைவுக் குறிப்பும் ஒரே திரையில் வரும். கோஹா என்ற இலவச நூலக மென்பொருளிலேயே இந்த வசதி உண்டு. நூலகர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு வெளியிடும்படியும் அமைக்கலாம்.

சிக்கலும் உண்டு. ஒருவர் ‘ரப்பர் தோட்டம்’ என்பார், இன்னொருவர் ‘எஸ்டேட்’, மூத்தவர் ‘கித்தா காடு’. நூலகர் இவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது. வெளி நிறுவனத்தை நம்பிச் சேமிப்பதும் ஆபத்து: 2017இல் டெலிசியஸ் கைமாறி, புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் போனது.

ஜொகூரில் இதற்கு ஏற்ற சரக்கு நிறைய இருக்கிறது. தோட்டத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயர், நம் மக்கள் வாயில் வேறொரு பெயர். கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், பழைய குழுப்படம் எதுவானாலும், அந்த வாய்ப்பெயர் ஒரு குறிச்சொல்லாக ஏறினால் பேரப்பிள்ளைகளால் தேடி எடுக்க முடியும். குளுவாங், சிகாமட் பக்கத்துப் பெரியவர்களை உட்காரவைத்து, இந்த மலர்களிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.